வாசிக்கத் திணறும் பிள்ளை: எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது?

“மூணாங்கிளாஸ் வந்தாச்சு, இன்னும் வாசிக்க வரலை.” இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. எழுத்தே தெரியவில்லையா, தெரிந்தும் கூட்டத் தெரியவில்லையா, கூட்டினாலும் பொருள் பிடிபடவில்லையா? தமிழில் பிள்ளைகள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் பத்துப் பன்னிரண்டுதான். பிள்ளை செய்யும் தவறைக் கூர்ந்து பார்த்தாலே எந்த இடம் என்று தெரிந்துவிடும். பார்க்காமல் எல்லாருக்கும் “பத்துத் தடவை எழுதிட்டு வா” என்று ஒரே கஷாயத்தை ஊற்றுகிறோம். பத்துத் தடவையும் அதே தவறோடு எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

இது தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக எழுதியது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களும், மாலையில் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லித்தரும் அப்பா அம்மாவும் பயன்படுத்தலாம். வரிசையாகப் படிக்க வேண்டாம். பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போங்கள். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு வராந்தாவில் பக்கத்தில் உட்காரவையுங்கள். நாற்பது பேர் பார்க்க எழுந்து நின்று வாசிக்கும் பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும்.

ஒரு தாளில் நான்கு அடுக்கு எழுதிக்கொள்ளுங்கள். மேலே கலைத்துப் போட்ட பத்து எழுத்துகள். அதன் கீழ் ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய்யெழுத்து, இல்லாத சிறு சொற்கள்: பசு, கிளி, குடை, மாலை. அடுத்து ஒற்று வரும் சொற்கள்: பட்டம், தக்காளி, வெள்ளரிக்காய். கடைசியில் நாலு வரிப் பத்தி ஒன்று. பத்தி பாடநூலில் இல்லாததாக இருக்க வேண்டும், இது முக்கியம்.

பத்தியிலிருந்து தொடங்குங்கள். வராவிட்டால் சொல்லுக்கும், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கும் இறங்குங்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க, பிரதம் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்விலும் இப்படிப் பத்தியில் தொடங்கித்தான் ஏறவோ இறங்கவோ செய்கிறார்கள். இறங்கி வந்தால் பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் சோதனை முடியும். சிரித்துக்கொண்டே எழுந்து போவான்.

இடையில் திருத்தாதீர்கள். ‘தக்காளி’யை ‘தகாளி’ என்று வாசித்தால் தப்புக்குறி போடாமல் ‘தகாளி’ என்றே குறித்துக்கொள்ளுங்கள். ‘தகாளி’ என்பவனுக்கும் ‘தாக்கலி’ என்பவனுக்கும் ‘தக்..’ என்று நின்றுவிடுபவனுக்கும் தப்புக்குறி ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. 2022இல் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம், நல்லதுதான். ஆனால் அரும்பில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரிடமும் ஒரே சிக்கல் இருக்காது.

எழுத்தை வரிசையாக ஒப்பிக்கிறான்; நடுவில் தொட்டால் முழிக்கிறான்

‘ண’ என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு அவன் உதட்டைப் பாருங்கள். சத்தமில்லாமல் ‘க ங ச ஞ ட’ என்று ஓடிவந்து ‘ண’வில் நிற்கும். பிறகுதான் பதில் வரும். அவனுக்கு ராகம் தெரியும், எழுத்து தெரியாது.

சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வையுங்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 கட்டங்களையும் முதல் மாதத்திலேயே பாட வைத்தால் பாட்டுதான் மிஞ்சும். எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு, ஒரு நேரத்துக்கு நாலைந்து எழுத்துக்கு மேல் போகாமல், அவற்றிலேயே சொல் கட்டச் சொல்லுங்கள். ப, ட, ம என்ற மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று வந்துவிடும். ‘க ங ச ஞ’ என்று தொடங்கினால் நாலு எழுத்து படித்த பிறகும் உருப்படியாக ஒரு சொல் வராது.

ஙகர வரிசையை நான் ஒரு பீரியடுக்கு மேல் எடுப்பதில்லை. ‘ங்’ கட்டாயம் வேண்டும். சங்கு, தங்கம், மாங்காய் என்று எங்கும் வரும். ‘ங’ என்றால் அங்ஙனம், இங்ஙனம் தவிர வேறு வேலையே இல்லை. ஙி, ஙீ, ஙெ என்று நோட்டை நிரப்பவைத்து என்ன கண்டோம்?

எழுத்து தெரியும், சொல்லாகக் கூட்ட வரவில்லை

‘படம்’ என்பதை வாசிக்கச் சொன்னால் “ப... ட... இம்” என்பாள். சேர்த்துச் சொல் என்றால் “படயிம்” என்பாள். தவறு அவளுடையது அல்ல. மெய்யெழுத்தை “இக், இங், இச்” என்று சொல்லிக் கொடுத்தது நாம். அந்த ‘இ’ சொல்லுக்குள்ளும் கூடவே வருகிறது. பாட்டியிடம் “ஆனா, ஆவன்னா” என்று படித்து வந்த பிள்ளைக்கும் இதே பாடுதான். ‘அம்மா’வில் ‘ஆனா’ எங்கே இருக்கிறது என்று தேடும்.

மெய்யைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம், முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள். அம், ஆம், பம், டம், மம். பிறகு அல், கல், பல், சொல். ‘படம்’ வரும்போது ‘ப’வில் ஒரு விரல், ‘டம்’ இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு விரல். “ப... டம்.” இரண்டு துண்டுதான், மூன்று இல்லை. இந்தத் துண்டு போடும் பழக்கம் பின்னால் நீளச் சொற்களிலும் கைகொடுக்கும்.

இதுவும் வரவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டு வாயால் விளையாடிப் பாருங்கள். “என் பையில ஒண்ணு இருக்கு. கு... டை. என்னது?” என்று கேளுங்கள். காதால் கேட்டே சேர்க்கத் தெரியாத பிள்ளைக்குக் கண்ணால் பார்த்துச் சேர்க்க வராது. தினம் காலை வருகைப் பதிவு எடுக்கும்போது பெயர்களைத் துண்டு துண்டாகக் கூப்பிட்டாலே பயிற்சி ஆகிவிடும். “மு... ரு... கன்!” சம்பந்தப்பட்டவன் எழுந்து நிற்க வேண்டும். ஒரு வாரத்தில் வகுப்பே இதில் தேறிவிடும்.

பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். வேறு எதையும் வாசிக்க மாட்டேன் என்கிறான்

வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறான். பக்கத்து வீட்டு அக்காவோ டியூஷனிலோ பாடத்தை முழுதாக மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள், உடனே தெரிந்துவிடும்.

மருந்து எளிது. பாடத்தில் உள்ள அதே சொற்களை வைத்துக் கரும்பலகையில் குறும்பாக எழுதுங்கள். பாடத்தில் ‘மரத்தில் குரங்கு இருந்தது’ என்றிருந்தால் பலகையில் ‘குரங்கில் மரம் இருந்தது’ என்று எழுதுங்கள். உண்மையில் வாசித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காமல் “மரத்தில் குரங்கு இருந்தது” என்று உரக்கச் சொல்பவர்கள் யார் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை விழுங்குகிறாள்: பாட்டி ‘பாடி’ ஆகிறாள்

நான் பார்த்த அளவில் இரண்டாம், மூன்றாம் வகுப்பில் அதிகம் தெரியும் சிக்கல் இதுதான். வாசிப்பிலும் வரும், எழுத்திலும் வரும். “என் பாடி கதை சொன்னாள்” என்று எழுதுவாள். “பகத்து வீடு” என்று எழுதுவாள்.

புள்ளி என்பது பிள்ளையின் கண்ணுக்கு எழுத்தின் மேல் கிடக்கும் ஒரு தூசு. ஆனால் தமிழில் அந்தப் புள்ளி சத்தத்தையே மாற்றிவிடும். ‘பாடி’யில் வரும் டகரத்தையும் ‘பாட்டி’யில் வரும் டகரத்தையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்று நாக்கை மெல்லத் தொட்டுப் போகிறது; மற்றது அழுந்தி நின்று வெடிக்கிறது. ‘பகல்’, ‘பக்கம்’ இரண்டிலும் அப்படியே. வல்லினம் தனியே நடுவில் வந்தால் மென்மை, இரட்டித்தால் வன்மை, மெல்லின ஒற்றுக்குப் பின்னால் வந்தால் வேறு மாதிரி: சட்டை, பச்சை, பஞ்சு என்ற மூன்றில் ஒரே ‘ச’ மூன்று விதமாக ஒலிக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதை விதியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதன் நாக்குக்கே தெரியும். தெரிந்த நாக்கைக் கண்ணோடு இணைத்துவிட்டால் போதும்.

அதற்கு ஒரு நல்ல நாற்கூட்டம் இருக்கிறது: விடு, விட்டு, வீடு, வீட்டு. நாலையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றையும் சொல்லும்போது உடம்பால் காட்டச் சொல்லுங்கள். ஒற்று வரும் இடத்தில் கையை இறுக்கி மூட வேண்டும், “விட்” என்று ஒரு கணம் நிற்க வேண்டும், பிறகுதான் “டு”. நெடிலுக்குக் கையை நீட்ட வேண்டும். நாலு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பிள்ளைகள் எந்தச் சொல் என்று விரலால் எண் காட்டட்டும். அப்புறம் எடு–எட்டு, குடி–குட்டி, பாடு–பாட்டு என்று போகலாம்.

எழுத்தில் வரும் பிழைக்குச் சிவப்புப் பேனா வேண்டாம். அவள் எழுதியதை எழுதியபடியே வாசித்துக் காட்டுங்கள். “என் பாடி... கதை சொன்னாள்.” முகத்தை மாற்றாமல் வாசிக்க வேண்டும். “ஐயோ டீச்சர், பாட்டி!” என்பாள். “இங்க பாடின்னுதானே இருக்கு?” என்று நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். எங்கே என்ன விட்டுப்போயிற்று என்று அவளே தேடட்டும். நீங்கள் புள்ளி வைத்துக் கொடுத்த நோட்டில் அவள் கற்றுக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில பிள்ளைகள் முழுச் சொல்லையும் எழுதிவிட்டு மொத்தமாகப் புள்ளிகளைத் தூவுவார்கள். அது பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். எழுத்தை முடித்த கையோடு புள்ளி வைக்கும் பழக்கம் வந்தால் பாதிப் பிழை போய்விடும். ஓலைச்சுவடியில் எழுதியவர்களும் புள்ளி வைப்பதில்லைதான். ஓலை கிழிந்துவிடும் என்று பயம். நோட்டுப் புத்தகத்துக்கு அந்தப் பயம் வேண்டாம்.

குறிலும் நெடிலும் இடம் மாறுகின்றன

கல்–கால், பல்–பால், மலை–மாலை இவற்றில் சிக்கல் சீக்கிரம் தீரும். துணைக்கால் கண்ணில் படும்படி நிற்கிறது. கஷ்டம் எகர ஏகார, ஒகர ஓகாரத்தில். கெ–கே, கொ–கோ இரண்டுக்கும் கொம்பின் தலையில் ஒரு சுழிதான் வித்தியாசம். வீரமாமுனிவர் காலத்துக்கு முன்னால் இந்த வித்தியாசத்தை இப்படிக் காட்டும் வழக்கமே இல்லை என்பார்கள். அதனால் பிள்ளை இதில் தடுமாறுவதில் வியப்பில்லை.

கொடு–கோடு, பெட்டி–பேட்டி, எடு–ஏடு என்று ஜோடியாகவே கொடுங்கள். படத்தோடு கொடுத்தால் இன்னும் நல்லது. ஒகரத்தை ஒரு மாதமும் ஓகாரத்தை அடுத்த மாதமும் எடுத்தால் இரண்டும் பிள்ளையின் மனதில் ஒன்றாகிவிடும்.

கொம்பு வந்தால் குழம்புகிறான்

‘கொக்கு’ என்று சொல்லி எழுதச் சொல்லிவிட்டு, அவன் நோட்டைப் பார்க்காமல் பென்சிலைப் பாருங்கள். முதலில் ‘க’ போடுவான், பக்கத்தில் கால் போடுவான், பிறகு இடது பக்கம் இடமில்லாத இடத்தில் கொம்பைச் செருகுவான். காதில் முதலில் விழுவது ‘க்’; ஆனால் தாளில் முதலில் வர வேண்டியது கொம்பு. அவன் காது சொன்னபடி ஒழுங்காகத்தான் எழுதுகிறான். வாசிக்கும்போது இதுவே தலைகீழாகி “எ... கா” என்று கூட்டுவான்.

கொம்பும் எழுத்தும் காலும் தனித்தனி அட்டையாக வெட்டி வையுங்கள். நடுவில் ‘க’. இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு வைத்தால் ‘கெ’, அதோடு வலப்பக்கம் காலும் வைத்தால் ‘கொ’. நடு அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்: கொ, பொ, மொ, தொ. கொம்புக்குத் தனியாகச் சத்தம் கிடையாது, அடுத்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று பிள்ளைக்குப் பிடிபட வேண்டும். கொம்பைக் கண்டதும் விரலை அடுத்த எழுத்துக்குத் தாவ வைப்பதுதான் பயிற்சி.

ஐகாரத்துக்குச் சங்கிலிக் கொம்பு. இதில் வீட்டிலிருந்து ஒரு குழப்பம் வரக்கூடும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்த தாத்தா இன்றைக்கும் ‘லை’யைத் துதிக்கை போட்டுத்தான் எழுதுவார். வீட்டுப்பாடத்தில் அந்த வடிவம் தலைகாட்டினால் பிள்ளையைத் திட்டாதீர்கள். “இது தாத்தா எழுத்து, இது உன் எழுத்து” என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஔகாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ‘கௌ’வைக் ‘கெள’ என்று வாசிக்கிறான் என்றால் அவன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பிள்ளை படிக்கும் கதைகளில் ஔகாரம் வருவதே அபூர்வம்.

கு சரி, து தப்பு

மற்ற குறிகளெல்லாம் எழுத்துக்குப் பக்கத்திலோ தலையிலோ நிற்கும். உகரமும் ஊகாரமும் மட்டும் எழுத்தோடு கலந்துவிடும், அதுவும் எழுத்துக்கு எழுத்து வேறு மாதிரி. க முதல் ன வரை வரிசையாக எடுத்தால் பிள்ளை ‘கு’வில் கற்ற வளைவை ‘சு’விலும் போட்டுப் பார்க்கும்.

வடிவம் பார்த்துக் குடும்பம் பிரியுங்கள். சு, பு, யு, வு ஒரு குடும்பம். கோடு நேரே கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று; வால் வளைந்து சுற்றும். து, நு, ணு, லு, று, னு மூன்றாவது. வலப்பக்கம் கீழே போய் மேலேறும். ஒரு குடும்பம் கையில் பழகிய பிறகுதான் அடுத்தது. ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் மற்றவற்றோடு சேராது. அவற்றைத் தனியாகவே பழக்குங்கள்.

ர–ற, ல–ள–ழ, ந–ண–ன

ஒன்று, இரண்டாம் வகுப்பில் இதற்கு மதிப்பெண் குறைப்பதை நான் ஏற்பதில்லை. ‘மரம்’ என்பதை ‘மறம்’ என்று எழுதிய பிள்ளை வாசிக்கத் தெரிந்த பிள்ளை.

ர–ற, ந–ன இரண்டும் இன்றைய பேச்சில் பெரும்பாலோர் வாயில் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. “நல்லா உச்சரிச்சு எழுது” என்று சொல்லிப் பயனில்லை. கண்ணாலும் விதியாலும்தான் பழக வேண்டும். நல்லவேளையாக விதி இருக்கிறது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பழைய வாத்தியார்கள் வைத்த பெயரே பாதிப் பாடம்: ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும்; ணவும் னவும் வராது. ஆக ‘ந’ எங்கே என்றால் சொல்லின் தொடக்கம், தகரத்துக்கு முன். மற்ற இடத்தில் ‘ன’. செந்நிறம், அநியாயம் போன்றவை விலக்கு, அவற்றை ஐந்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். ர் ஒருபோதும் இரட்டிக்காது. ‘காற்று’, ‘வெற்றி’ என்று அழுத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பெரிய ற போடலாம்.

ல–ள–ழ கதை வேறு. இங்கே காது உதவும், சொல்பவர் வாய் சரியாக இருந்தால். தெற்கே பல ஊர்களில் பழம் ‘பளம்’; சென்னையில் சில இடங்களில் ‘பயம்’. டிக்டேஷன் சொல்லும் நம் வாயில் ழகரம் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். புலி–புளி, வலி–வழி, கரி–கறி, மனம்–மணம் போன்ற ஜோடிகளை வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். “புளி உறுமியது” என்று எழுதினால் வகுப்பே திருத்தும்.

பேசுகிறபடியே எழுதுகிறாள்: எல, ஒடம்பு, கொடம்

இதைப் பிழை என்று அடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் நில்லுங்கள். ‘இலை’யை ‘எல’ என்று எழுதிய பிள்ளை தன் காதில் கேட்ட ஒவ்வொரு ஒலிக்கும் சரியான எழுத்தைக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அதற்குப் பிடிபட்டுவிட்டது. புத்தகத் தமிழ்தான் பிடிபடவில்லை.

இந்தப் பிழைகளில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. முதலெழுத்தில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் எகரமாக, ஒகரமாக மாறும்: இடம்–எடம், இலை–எல, உடம்பு–ஒடம்பு, குடம்–கொடம், குடை–கொட. ஒரே பிழையை இருபது சொல்லில் திருத்துவதை விட இந்த இருபதையும் ஒரு பட்டியலாகப் போட்டுக் காட்டினால் பிள்ளையே பிடித்துக்கொள்ளும். இடப்பக்கம் ‘வீட்டுப் பேச்சு’, வலப்பக்கம் ‘புத்தகப் பேச்சு’. இரண்டும் சரி, இடம்தான் வேறு.

சொல்லின் கடைசியில் ன், ம் காணாமல் போவதும் இதே வகை. ‘அண்ணன் வந்தான்’ என்பதைப் பேச்சில் ‘வந்தா’ என்று மூக்கில் இழுத்து முடிக்கிறோம். ன் என்று நாக்கு எங்கும் தொடுவதில்லை. கேட்காத எழுத்தைப் பிள்ளை எப்படிப் போடும்? தினமும் பத்து நிமிடம் நீங்கள் கதைப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டுவதுதான் இதற்கு வழி. புத்தகத் தமிழைக் கேட்டு வளராத பிள்ளைக்கு அதை எழுத வராது.

வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகள் தனிக் கணக்கு. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது, திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்கள் எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டு அழகாக வாசிப்பார்கள், பொருள் தெரியாது. ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்று அழுத்துவார்கள், ஏனென்றால் மேலே சொன்ன வல்லின விதி அவர்கள் நாக்கில் இல்லை. இவர்களுக்கு மட்டும் அதைச் சொல்லியே தர வேண்டும். எழுத்துக்கு முன்னால் பேச்சு: பொருளைக் காட்டி, செய்துகாட்டி, பக்கத்தில் வாயாடிப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து.

வாசிக்கிறாள், கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை

வேகத்தைப் பாருங்கள் முதலில். ஒவ்வொரு சொல்லையும் கூட்டிக் கூட்டி வரும் பிள்ளைக்கு வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று ஒன்றிய அரசின் அடிப்படைக் கல்வித் திட்டமான நிபுன் பாரத்தின் இலக்கு சொல்கிறது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ தமிழில் ஒரு சொல். இதையும் ‘பசு’வையும் ஒரே கணக்கில் எண்ணினால் எப்படி? நிறுத்தக் கடிகாரத்தைக் கீழே வையுங்கள். பேசுகிற மாதிரி வாசிக்கிறாளா, ஏலம் விடுகிற மாதிரி வாசிக்கிறாளா என்று காதால் கேட்டாலே போதும்.

நீளச் சொல்லில் மூச்சு முட்டுகிறது என்றால் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள்: பள்ளிக்கூடத்தில்/இருந்து, வந்து/கொண்டு/இருந்தார்கள். பின்னொட்டுகள் திரும்பத் திரும்ப வருபவை. கள், இல், இருந்து, உக்கு, ஆர்கள் இவற்றை ஒரு பார்வையில் அடையாளம் காணப் பழகினால் பாதிச் சொல் தானாக வந்துவிடும்.

வேகமும் சரி, பொருள்தான் தெரியவில்லை என்றால் குறை நாம் கேட்கும் கேள்வியில் இருக்கலாம். “நரி எங்கே போனது?” என்ற கேள்விக்கு ‘நரி காட்டுக்குப் போனது’ என்ற வரியைத் தேடி எடுத்துக் கொடுத்தால் போதும், புரிய வேண்டியதில்லை. “நரி செஞ்சது சரியா? நீயா இருந்தா என்ன பண்ணிருப்ப?” என்று கேளுங்கள். அங்கே பதில் புத்தகத்தில் இல்லை.

பார்த்து எழுதுகிறான், சொன்னால் எழுத வரவில்லை

கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது தலையை எத்தனை முறை தூக்குகிறான் என்று கவனியுங்கள். ஒரு எழுத்துக்கு ஒரு முறை தூக்கினால் அவன் எழுதவில்லை, வரைகிறான். நோட்டு முத்து முத்தாக இருக்கும், பெற்றோரும் மகிழ்ந்துபோவார்கள்.

பார், வாய்விட்டுச் சொல், மறை, எழுது, திறந்து சரிபார். இந்த வரிசையில் ஒரு நேரத்துக்கு ஒரு சொல். பழகியதும் இரண்டு சொல், பிறகு ஒரு சிறு வாக்கியம். நோட்டு கொஞ்ச நாளைக்கு அசிங்கமாக இருக்கும். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சொந்தமாக எழுத வரவில்லை என்பது இதற்கு அடுத்த படி. ‘பசு பற்றி ஐந்து வரி’ என்றால் எல்லா நோட்டிலும் பசுவுக்கு நான்கு கால்கள்தான் இருக்கும். நேற்று வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு அதிகம் கிடைத்தது என்று பேச்சை இழுங்கள். பிள்ளை சொன்னதிலிருந்து ஒரு வரியைப் பிடித்து, “இதையே எழுது” என்று சொல்லுங்கள். ஒரு வரி போதும்.

கையெழுத்தைப் பற்றிச் சுருக்கமாக: பென்சில் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தினால் விரலுக்கு வலு போதவில்லை என்று அர்த்தம், களிமண், பூக் கட்டுவது, புளியங்கொட்டை பொறுக்குவது எல்லாம் உதவும். இடது கைக்காரப் பிள்ளையை வலது கைக்கு மாற்றாதீர்கள். தாளைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்துக் கொடுத்தால் போதும்.

இவற்றில் எதுவும் வேலை செய்யவில்லை என்றால்

வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். அறுவடைக்கும் சூளைக்கும் குடும்பத்தோடு போய்வந்து, விட்டுப்போன மாதங்கள் தெரியும். அது கற்றல் குறைபாடு இல்லை, பாடம் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கண். பலகையில் உள்ளதைத் தப்பாகவும் நோட்டில் உள்ளதைச் சரியாகவும் வாசிக்கிறாளா, கண்ணைச் சுருக்குகிறாளா, பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்க்கிறாளா? பிறகு காது. சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ‘பட்டு’வும் ‘பத்து’வும் ஒன்றாகக் கேட்கலாம். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் இந்தப் பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதிக் கொடுங்கள். வரிசையில் நின்று போகும் அவசரத்தில் இது தெரியாமல் போகும்.

கண்ணும் காதும் சரி, தினமும் வருகிறாள், பேச்சும் விவரமும் வயதுக்கு மேல் இருக்கிறது, மாதக்கணக்கில் தனிக் கவனம் கொடுத்தும் நேற்று வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது என்றால் குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இது இருக்கிறது. அதை முடிவு செய்வது நம் வேலை இல்லை, பெற்றோரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதும் இல்லை. பொதுவாக எட்டு வயதுக்கு முன் முத்திரை குத்துவதும் இல்லை. வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுப்பும்போது பிள்ளை தன் கையால் எழுதிய இரண்டு பக்கத்தையும், என்னென்ன பயிற்சி எத்தனை வாரம் கொடுத்தீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். திருத்தாத பக்கங்களாக இருக்கட்டும்.

அது நடந்து முடிய மாதங்கள் ஆகலாம். அதுவரை கணக்கிலும் சூழ்நிலையியலிலும் கேள்வியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவள் வாயால் சொல்லும் பதிலைக் கேட்டு மதிப்பெண் போடுங்கள்.